ரெண்டு மெனு கார்டு

அன்புள்ள தம்பிக்கு,

நீ சொன்ன வேலை முடிந்தது. போனோம், உட்கார்ந்தோம், சாப்பிட்டோம், பில் வந்ததும் உங்கப்பா ஒரு சின்னச் சண்டையும் போட்டார். இத்தனையையும் வாட்ஸ்அப்பில் டைப் அடிக்க என் கட்டைவிரலுக்குத் தெம்பில்லை. பேசி அனுப்பலாம் என்றால் உங்கப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து "அப்படி இல்ல, இப்படி" என்று திருத்திக்கொண்டே இருப்பார். அதனால் அக்காவின் பழைய கெமிஸ்ட்ரி நோட்டில் மீந்துபோன தாள்களில் எழுதுகிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன். மூலையில் நம்பர் போட்டிருக்கிறேன், அதைப் பார்த்துப் படி. போன தடவை தலைகீழாகப் படித்துவிட்டு "மாமா ஏன் ஆஸ்பத்திரியிலிருந்து கல்யாணத்துக்குப் போனார்" என்று கேட்டாய்.

போன வாரம் ராத்திரி பதினொரு மணிக்கு ஷார்ஜாவிலிருந்து கூப்பிட்டு நீ குரலைத் தாழ்த்தியபோது, வேலை போய்விட்டதோ என்று எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. கடைசியில் பார்த்தால், பெண்டாட்டியைச் சாப்பிட அழைத்துப்போக ஒரு இடம் பார்த்துவைக்க வேண்டும், அவ்வளவுதான். தை மாதம் ஐந்து நாள் லீவு, முதல் கல்யாண நாள், அவளுக்குத் தெரியக்கூடாது. "அடக்கமா, கூட்டம் இல்லாம, கொஞ்சம் ரொமான்டிக்கா" என்றாய். அந்தக் கடைசி வார்த்தையை அம்மாவிடம் சொல்ல உனக்குத்தான் கூச்சம். எனக்குக் கேட்க ஒரு கூச்சமும் இல்லை.

நீ அனுப்பிய மூன்று இடங்களில் முதலாவது ஒரு மொட்டைமாடி. நான்கு மூங்கில் நட்டு, கொசுவலை மாதிரி வெள்ளைத் துணி கட்டி, பலூன் ஊதி, தரையெல்லாம் ரோஜா இதழ் கொட்டி, நடுவில் ஒரு மேஜை. ஒன்றரை மணி நேரம்தான் கணக்கு. போட்டோகிராபருக்குத் தனிக் காசு. உங்கப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் போனைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "வளைகாப்பு யாருக்கு?" என்றார். அத்தோடு அது போயிற்று.

இரண்டாவது நட்சத்திர ஹோட்டல். உங்கப்பா உடனே ஆரம்பித்தார்: அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாயைத் தாண்டுகிற ஹோட்டல்களில் சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், வெளியே இருக்கிற ரெஸ்டாரன்டில் 5 சதவீதம், தோசை அதே தோசைதான் என்று. நீ சம்பாதிக்கிறாய், போகலாம், அது ஒன்றும் குற்றமில்லை. கன்னிமாரா ஹோட்டலில் மரத்தடியில் உட்காரவைத்துச் செட்டிநாட்டுச் சாப்பாடு போடுகிற ரெயின்ட்ரீ ரெஸ்டாரன்டை எனக்கே ஒரு தடவை பார்க்க ஆசை உண்டு. ஆனால் மருமகளை யோசித்துப் பார். அந்த மாதிரி இடத்தில் அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டு, பரீட்சை ஹாலில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருப்பாள். சாய முடியாத இடத்தில் என்ன பேச்சு வரும்?

மிச்சம் இருந்தது ஆழ்வார்ப்பேட்டைச் சந்தில் இருக்கிற அந்த வீடு. படத்தில் நன்றாகத்தான் இருந்தது. படத்தில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும், உன் ஜாதகத்தோடு கொடுத்த போட்டோவும் அப்படித்தான். போய்ப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினோம்.

பெரம்பூரில் 29சி ஏறினோம். 2021-லிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் எனக்கு டிக்கெட் இல்லை அல்லவா, கண்டக்டர் உங்கப்பாவிடம் மட்டும் காசு வாங்கினார். "என் செலவுலதான் எப்பவும் வெளியில போறோம்" என்று அவர் ஆரம்பித்தார். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். நான் அந்த அரக்குக் கரை போட்ட பச்சைப் புடவை கட்டியிருந்தேன். மார்கழியில் மல்லிகைப்பூ விலையைக் கேட்டால் தலையே சுற்றுகிறது. மாடித் தொட்டியில் டிசம்பர் பூ பூத்திருந்தது, அதையே தொடுத்து வைத்துக்கொண்டேன். உங்கப்பா முழுக்கைச் சட்டை. நாம் உளவு பார்க்கத்தான் போகிறோம், எதற்கு இஸ்திரி என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

லஸ் பக்கமெல்லாம் மெட்ரோவுக்குத் தோண்டி, தகரம் அடைத்து, வண்டியை எங்கெங்கோ திருப்பிவிடுகிறார்கள். சபா சீசன் வேறு. அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள். தை மாதம் சீசன் கூட்டம் இருக்காது, தோண்டல் இருக்கும். (நீ டிசம்பரில் வந்திருந்தால் எந்த ரெஸ்டாரன்டும் வேண்டாம், ஏதாவது ஒரு சபா கேன்டீனுக்கு அழைத்துப்போ என்றிருப்பேன். இலை போட்டு, காசி அல்வாவோடு. கச்சேரிக்கு டிக்கெட் எடுக்காமல் கேன்டீனுக்கு மட்டும் வருகிறவர்கள் பாதிப்பேர். உங்கப்பா அதில் ஒருவர்.)

சரி, இடம். யாரோ பெரிய மனிதர்கள் குடியிருந்த வீடு. போர்டிகோ, ஒரு மாமரம், உள்ளே வழவழவென்று சிவப்புத் தரை. கூடத்தில் இருந்த ஊஞ்சலைக் கழற்றாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். மொத்தம் எட்டு மேஜை. பாட்டு வைத்திருந்தார்கள், ஆனால் பேசுவது காதில் விழுகிற அளவுக்கு. எனக்கு முதலில் பிடித்தது அதுதான். இப்போதெல்லாம் ஹோட்டலில் சாம்பார் கேட்பதற்கே கத்த வேண்டியிருக்கிறது.

வெளிச்சம் மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. மேஜைக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் மெழுகுவர்த்தி, தலைக்கு மேலே குண்டுமணி அளவில் ஒரு பல்பு. உங்கப்பா உட்கார்ந்ததுமே, "வர்தாவுக்கு அப்புறம் இன்னைக்குத்தான்" என்றார். 2016 டிசம்பரில் அந்தப் புயல் அடித்த வாரம் நினைவிருக்கிறதா? நீ அப்போது பெங்களூரில் இருந்தாய். நாலு நாள் கரன்ட் இல்லை. ஒரே மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு கஞ்சியும் துவையலும் சாப்பிட்டோம். விழுந்த வேப்ப மரத்தைப் பற்றியே நாலு நாளும் பேசினோம். அது ரொமான்டிக் என்று அப்போது யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் இன்னும் ஒரு மெழுகுவர்த்தி வாங்கி வைத்திருப்போம்.

அப்புறம் மெனு கார்டு வந்தது. இதைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன், மற்றதெல்லாம் சும்மா.

ரெண்டு கார்டு வந்தது, தம்பி. ஆளுக்கு ஒன்று. தடித்த தாள், ஓரத்தில் நூல் கோத்திருந்தது. விலைக்கு முன்னால் ரூபாய் என்று போடாமல் வெறும் 420, 520 என்று மட்டும், ஏதோ வீட்டு நம்பர் மாதிரி. உங்கப்பா அவருடைய கார்டைத் திறக்கவே இல்லை. அந்தப் பையனைப் பார்த்து, "ரெண்டு வெஜிடபிள் புலாவ்" என்றார். வழக்கம்போல. பையன் மணிப்பூர்க்காரன், வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறதாம், நம் தெருப் பிள்ளைகளைவிட நன்றாகத் தமிழ் பேசுகிறான். அவன் எழுதிக்கொண்டு போயிருந்தால் கதை முடிந்திருக்கும். போகாமல் என் பக்கம் திரும்பி, "அம்மா, உங்களுக்கு?" என்றான்.

"ரெண்டுன்னு சொன்னேனே" என்றார் உங்கப்பா.

"சார், உங்களுக்குத்தான் சார் ரெண்டுன்னு நினைச்சேன்" என்றான் பையன். கிண்டலாகச் சொன்னானா, நிஜமாகவே அப்படி நினைத்தானா தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இருப்பா, படிச்சுட்டுச் சொல்றேன்" என்றேன்.

படித்தேன். அந்த வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. உங்கப்பா செல்போன் டார்ச்சை அடித்தார், எட்டு மேஜையும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. இருந்தாலும் நான் விடவில்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும், அடைப்புக்குறிக்குள் இருந்ததுகூட விடாமல், வாரப் பத்திரிகை படிக்கிற மாதிரி படித்தேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அவர் தண்ணீர் குடித்தார், மெழுகுவர்த்தியைத் திருப்பி வைத்தார், மணி பார்த்தார்.

உனக்குத் தெரியுமா, எனக்கு வயது அறுபத்திரண்டு. ஹோட்டலில் என் கையில் கார்டை வைத்துக்கொண்டு, எனக்கு என்ன வேண்டும் என்று நான் யோசித்தது அன்றைக்குத்தான். கொடுமை என்று நினைத்துவிடாதே. யாரும் என்னைத் தடுத்ததில்லை. சின்ன வயதில் வெளியில் போனால் எங்கப்பா சொல்வார். அப்புறம் உங்கப்பா. நீங்கள் பிறந்த பிறகு நீங்கள் மிச்சம் வைப்பதை மனசில் கணக்குப் போட்டு, "எனக்கு ஒண்ணும் வேணாம், இவன் தோசையில பாதி போதும்" என்பேன். அது பழகிவிட்டது.

எங்கள் முதல் கல்யாண நாள் 1987. உங்கப்பா ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்து, கை கிரீஸ் போகப் போகச் சோப்புப் போட்டுக் கழுவி, பஜாஜ் ஸ்கூட்டரில் என்னை உட்காரவைத்து, கதீட்ரல் ரோட்டில் இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னுக்கு அழைத்துப்போனார். நீ அதைச் சின்னப் பையனாகப் பார்த்திருக்கிறாய், மரம்தான் நினைவிருக்கும். 1962-ல் திறந்தது. காரில் வருகிறவர்கள் இறங்கவே வேண்டாம், கார் கதவில் தட்டை மாட்டிவிடுவார்கள், உள்ளேயே உட்கார்ந்து சாப்பிடலாம். எங்களுக்குக் கார் ஏது? ஸ்கூட்டரை ஒரு மரத்தடியில் நிறுத்தினார். தட்டோடு வந்த ஆள் எங்கே மாட்டுவது என்று தெரியாமல் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, சீட்டின் மேலேயே வைத்தார். நான் ஒரு பக்கம், உங்கப்பா ஒரு பக்கம், நடுவில் ஸ்கூட்டர். அதற்கு ஈடாக ஒரு மேஜை இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை என்று சொல்வேன். அந்த வெள்ளைச் சட்டை, கொஞ்சம் கிரீஸ் வாசனை, மேலே கிளி கத்துகிற சத்தம்.

"ரெண்டு அடை அவியல்" என்றார்.

பக்கத்தில் ஒரு ஃபியட் கார். அதன் கதவுத் தட்டில் சோளா பட்டூரா. பலூன் மாதிரி உப்பி, அந்தக் குழந்தை விரலால் குத்தினதும் உஸ்ஸென்று ஆவி போய் அமுங்கியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்கு முன்னால் அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. கேட்டிருந்தால் உங்கப்பா உடனே வாங்கித் தந்திருப்பார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் அடையைப் பிட்டு, வெண்ணெயும் வெல்லமும் தொட்டு, "எப்படி?" என்று என் முகத்தைப் பார்த்தார் பார், அதற்கு மேல் என்ன கேட்பது? "நல்லா இருக்கு" என்றேன்.

எனக்கு அடை பிடிக்காது, தம்பி. சின்ன வயதிலிருந்தே. தொண்டையில் போய் நின்றுகொள்ளும். அவியல் பிடிக்கும். அடைதான் ஆகாது.

அதற்கப்புறம் வருஷத்துக்கு ரெண்டு மூன்று தடவையாவது போவோம். போனஸ் வந்தால், உங்க அக்கா பாஸானால், கல்யாண நாள் வந்தால். ஒவ்வொரு தடவையும் ரெண்டு அடை அவியல். பாதியைத் தின்றுவிட்டு, மீதியை அவர் தட்டில் வைத்துவிடுவேன். அரசாங்கம் நிலத்தைக் கேட்டு, கேஸ் நடந்து, 2008-ல் அதை மூடினார்கள். உங்கப்பா ரெண்டு நாள் சரியாகப் பேசவில்லை. 2010-ல் அங்கே செம்மொழிப் பூங்கா வந்தது. மூடிய அன்றைக்கு எனக்கும் வருத்தம்தான், மரங்களுக்காகவும் அந்தக் கிளிகளுக்காகவும். அடைக்காக நான் அழவில்லை.

இதை முப்பத்தெட்டு வருஷம் வாயைத் திறந்து சொன்னதில்லை. அன்றைக்கு அந்த ஆழ்வார்ப்பேட்டை வீட்டில், கார்டை மூடிவைத்துவிட்டு, பையனிடம் மிளகு போட்ட காளானும், பரங்கிக்காய் வைத்த ராவியோலி என்று ஒன்று இருந்தது, அதுவும் சொன்னேன். அவன் போனதும் உங்கப்பா கேட்டார்: "என்ன திடீர்னு?"

"எனக்கு அடை பிடிக்காதுங்க" என்றேன்.

"இங்க அடையே இல்லையே."

"இங்க இல்ல. அங்க."

அவருக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் கணக்குப் போட ஆரம்பித்தார், ஐசிஎஃப் புத்தி எங்கே போகும். "எண்பத்தேழுலேர்ந்தா?" என்றார். ஆமாம் என்றேன். "மூடுற வரைக்குமா?" ஆமாம் என்றேன். பேசாமல் மெழுகுவர்த்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, "பாதி அடையை எடுத்து எடுத்து என் தட்டுல வெப்பியே" என்றார்.

"ஆமா."

"பாசம்னு நினைச்சேன்டி."

அந்த இடத்தில் நான் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. எட்டு மேஜையும் இரண்டாவது தடவையாக எங்களைப் பார்த்தது. உங்கப்பாவும் சிரித்தார். ஆனால் உடனே இல்லை.

சாப்பாட்டைப் பற்றி: காளான் நன்றாக இருந்தது, மிளகு புதிதாகப் பொடித்தது. ராவியோலி என்பது நம் பூரணக் கொழுக்கட்டையைத் தட்டையாக்கி வெந்நீரில் போட்டு எடுத்த மாதிரி. மொத்தம் ஐந்து. பரங்கிக்காய்க்கு 520 ரூபாயா என்று உங்கப்பா முணுமுணுத்தார். உப்பு ஒரு சிட்டிகை குறைவு. ஆனாலும் எனக்குப் பிடித்தது. நானே சொல்லி வாங்கினதால் பிடித்ததா, நிஜமாகவே ருசியா, தெரியவில்லை. புலாவ் சுமார். அதையும் சொல்லிவிட்டேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். கார்த்திகை தீபத்துக்கு மருமகள் இங்கே வந்திருந்தாள். அன்றைக்குக் கீழ் வீட்டுக் குழந்தைக்குப் பிறந்த நாள், பீட்சா வரவழைத்து எங்களுக்கும் ரெண்டு துண்டு கொடுத்தனுப்பினார்கள். பீட்சா மேலே இருந்த சீஸை அவள் அப்படியே தோல் மாதிரி உரித்து ஓரமாக வைத்துவிட்டு, அடி ரொட்டியை மட்டும் தின்றாள். ஏன்மா என்றேன். "அந்த வாசனையே எனக்குக் குமட்டும் அத்தை" என்றாள். அப்படியென்றால் நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் அவனோடு போய் வந்தாயே, ஏழு தடவையோ என்னவோ, அதெல்லாம் பீட்சாக் கடைதானே என்றேன். "அவருக்கு ரொம்பப் பிடிக்கும்ல அத்தை" என்றாள். அப்புறம், "சொல்லிடாதீங்க" என்றாள். நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டினால் சத்தியம் செய்ததாக ஆகாது.

நீ உங்கப்பா பிள்ளைதான், வேறு என்ன சொல்வது. அவர் அடை, நீ சீஸ்.

அதற்காக இப்போதே போன் பண்ணி, "உனக்குச் சீஸ் பிடிக்காதாமே, அம்மா சொன்னாங்க" என்று ஆரம்பித்துவிடாதே. மானம் போய்விடும், அவள் இனி என்னிடம் எதையும் சொல்லவும் மாட்டாள். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். கார்டு வந்ததும் அதை அவள் பக்கம் நகர்த்து. உன் வாயை மூடிக்கொண்டிரு. அவள், "உங்களுக்கு என்னவோ அதே எனக்கும்" என்பாள். முதல் தடவை அப்படித்தான் சொல்வாள், நானும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன். "நான் இன்னும் முடிவு பண்ணல, நீ சொல்லு" என்று சொல்லிவிட்டுக் காத்திரு. எவ்வளவு நேரமானாலும் காத்திரு. அந்தப் பையன் ரெண்டு தடவை வந்து போகட்டும், ஒன்றும் குடிமுழுகாது. அவள் ஏதாவது விலை குறைந்ததாகப் பார்த்துச் சொன்னால் அதையும் கவனி. விலையைப் பார்த்துத்தான் சொல்கிறாள் என்று அர்த்தம். நானும் முதலில் எலுமிச்சை சோடாவைத்தான் பார்த்தேன்.

கார்டில் இருபத்துமூன்று அயிட்டம் இருக்கிறது. ஒன்பதில் சீஸ் இல்லை, எண்ணினேன். மற்றதில் சிலவற்றைச் சீஸ் இல்லாமலும் செய்து தருவார்களாம், கேட்டுவிட்டேன்.

பில் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அவர் தனியாக ஒரு கடிதம் எழுதுவார். சாப்பாடு 2,200. அதற்கு மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் 220, அந்த ரெண்டையும் கூட்டி அதன் மேல் 5 சதவீதம் ஜிஎஸ்டி 121, ஆக மொத்தம் 2,541. உங்கப்பா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது சரிதான் என்றுவிட்டது, ஜிஎஸ்டி கொடுத்துத்தான் ஆக வேண்டும், இது கொடுப்பவர் இஷ்டம் என்றார். மானேஜர் நல்ல பிள்ளை, வாதாடவில்லை, மாற்றி எடுத்து வந்தார்: 2,310. நான் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து வரும்போது உங்கப்பா அந்த மணிப்பூர்ப் பையன் கையில் இருநூறு ரூபாயை வைத்து அழுத்தினார். "அப்போ எதுக்குங்க இவ்வளவு பேச்சு?" என்றேன். "அது வேற, இது வேற" என்றார். எனக்கென்னவோ, "அம்மா, உங்களுக்கு?" என்று கேட்டதற்காகத்தான் கொடுத்தார் என்று தோன்றுகிறது. கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார். நீ போகிறபோது உன் இஷ்டம். ஆனால் கல்யாண நாளில் பெண்டாட்டி முன்னால் பேனாவை எடுக்காதே, கொடுத்துவிட்டு வா.

இன்னும் சில விஷயம். உள்ளே நுழைந்ததும் வலது கையில் மூன்றாவது மேஜை வேண்டாம், சமையலறைக் கதவு முதுகில் வந்து இடிக்கும். போர்டிகோவில் போட்டிருக்கிற மேஜை பார்க்க அழகு, தை மாதக் கொசு சும்மா விடாது. ஊஞ்சலுக்குப் பக்கத்தில் ஜன்னலோரமாக ஒன்று இருக்கிறது, ஏசி நேராக அடிக்காது, அதைத்தான் சொல்லிவைத்திருக்கிறேன். வண்டி நிறுத்த இடமே இல்லை, ஆட்டோவில் போங்கள். சாப்பிட்டுவிட்டுப் பெசன்ட் நகர் பீச்சுக்குப் போவதாக இருந்தால் சீக்கிரம் கிளம்புங்கள், ரொம்ப நேரமானால் போலீஸ் வந்து எழுப்பிவிடும். அப்புறம், பிப்ரவரி 14-ம் தேதி லீவு கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்டாயே, வேண்டவே வேண்டாம். அன்றைக்கு அங்கே மெனு கார்டே கிடையாதாம். ஜோடிக்கு இவ்வளவு என்று வைத்து, அவர்கள் போடுவதைத்தான் சாப்பிட வேண்டுமாம். மானேஜரே சொன்னார்.

புக் பண்ணியாயிற்று. ரெண்டு பேர், ராத்திரி ஏழரை மணி, உன் பெயரில். ரெண்டு நாள் முன்னால் ஒரு போன் பண்ணி உறுதி செய்துவிடு. என்ன விசேஷம் என்று மானேஜர் கேட்டார். பிறந்த நாள், கல்யாண நாள் என்றால் எல்லோரும் சுற்றி நின்று கைதட்டிப் பாடுவார்களாம், தட்டில் சாக்லெட்டால் பெயர் எழுதிக் கொடுப்பார்களாம். மருமகள் மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாள். "விசேஷம் ஒண்ணும் இல்லப்பா, ரெண்டு பேரும் சாப்பிட வர்றாங்க, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டேன். கார்டு ரெண்டு வேண்டும் என்பதை மட்டும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

ராத்திரியில் வெறும் வயிற்றோடு படுக்காதே. போர்வை வாங்கினாயா இல்லையா?

அம்மா

பி.கு.: அப்பா எழுதுவது. அம்மா தூங்கின பிறகு எடுத்துப் படித்தேன். மற்றதெல்லாம் சரி. அடை விஷயத்தில் மட்டும் ஒரு திருத்தம். 1993-ல், நீ வயிற்றில் இருந்தபோது, அதே டிரைவ்-இன்னில், அதே ஸ்கூட்டர் சீட்டில், உங்கம்மா தன் அடையை முழுசாகச் சாப்பிட்டுவிட்டு என் தட்டிலிருந்தும் பாதி எடுத்தாள். நான் சாட்சி.